இரவில் விழிக்கும் பிள்ளையும் தாய்ப்பாலும்

குழந்தைக்கு ஏழெட்டு மாதம் நிறைந்து, தவழத் தொடங்கி, கீழே இரண்டு பல்லும் முளைத்துவிட்டால் வீட்டில் ஒரு பேச்சு எழும். "இன்னுமா ராத்திரியில் எழுந்து பால் குடிக்கிறான்? உன் பாலில் சத்து இல்லையம்மா. ஒரு டின் பால் வாங்கிக் கலக்கிக் கொடு. விடிய விடியத் தூங்குவான்."

இப்படிச் சொல்பவர் பகையாளி அல்லர். மாமியாராக இருப்பார், அடுத்த வீட்டு அக்காவாக இருப்பார், சில வேளைகளில் பெற்ற தாயாகவே இருப்பார். சொல்வதும் நல்லெண்ணத்தோடுதான். ஆனால் பல வாரங்களாக அரைத் தூக்கத்தில் நடமாடிக் கொண்டிருக்கும் ஓர் இளந்தாயின் காதில் அந்தச் சொல் விழும்போது, "நான் என் பிள்ளையைப் பட்டினி போடுகிறேனோ" என்ற அச்சமாகவே அது உள்ளே இறங்குகிறது. பால் நன்றாகச் சுரந்து கொண்டிருக்கும்போதே, இந்த ஒரு காரணத்துக்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடும் தாய்மார்கள் நம்மிடையே பலர். வருந்தத்தக்கது என்னவென்றால், நிறுத்திய பிறகும் பிள்ளை இரவில் எழுவது பெரும்பாலும் நிற்பதில்லை.

ஆகவே, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளை இரவில் அடிக்கடி விழிப்பது ஏன், அதற்கும் தாய்ப்பாலுக்கும் என்ன தொடர்பு, அந்தத் தாய் எவ்வாறு சமாளிக்கலாம் என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். தாய்மார்கள் மட்டுமன்றித் தந்தையரும் பாட்டிமாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது நமது விருப்பம். ஏனெனில், தாய்ப்பாலை நிறுத்தும் முடிவு பல வீடுகளில் தாயிடமிருந்து பிறப்பதில்லை.

எத்தனை மாதம் கொடுக்கலாம்?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே. அதன் பின் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 6 மாதத்துக்குப் பின் பால் "தண்ணீராகிவிடும்" என்று நம்மவர்கள் சொல்வது உண்மையன்று. 6 முதல் 12 மாதம் வரை பிள்ளைக்குத் தேவைப்படும் சக்தியில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கக்கூடும். இரண்டாம் ஆண்டிலும் மூன்றில் ஒரு பங்கு அளவு கிடைக்கும். நோயை எதிர்க்கும் பொருள்களும் அதில் தொடர்ந்து இருக்கின்றன. தவழும் பிள்ளை தரையில் கிடப்பதை எல்லாம் எடுத்து வாயில் வைக்கும் பருவத்தில் அந்தப் பாதுகாப்பு எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை.

நம் சமயக் கதைகளிலும் வளர்ந்த பிள்ளை பாலுக்கு அழுவது புதிதன்று. சீர்காழிக் குளக்கரையில் அழுத சம்பந்தப் பிள்ளைக்கு அப்போது வயது 3 என்றே பெரியபுராணம் கூறுகிறது. உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினார். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பால் எதற்கு என்று அந்தக் கதையில் எவரும் கேட்கவில்லை.

விழிப்பது குறைபாடா?

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். இரவு முழுவதும் ஒரே மூச்சாக எவரும் தூங்குவதில்லை. பெரியவர்களுக்குத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஆழ்ந்தும் மேலெழுந்தும் வருகிறது. கைக்குழந்தைக்கு அந்தச் சுற்று ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடந்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் மெல்லியதாகிறது. நாம் தலையணையைத் திருப்பிப் போட்டுக் கொண்டு மீண்டும் தூங்கிவிடுகிறோம். காலையில் அது நினைவிலும் இருப்பதில்லை. பிள்ளைக்குத் தலையணையைத் திருப்பத் தெரியாது. அம்மாவைத்தான் தேடத் தெரியும்.

இது அரிதான ஒன்றா? கனடாவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கவனித்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 6 மாதக் குழந்தைகளில் 38 விழுக்காட்டினர் தொடர்ந்து 6 மணி நேரம் தூங்கவில்லை. 12 மாதத்தில்கூட 28 விழுக்காட்டினர் அப்படியே இருந்தனர். தொடர்ந்து 8 மணி நேரம் என்று கணக்கிட்டால், ஒரு வயதிலும் 43 விழுக்காட்டினர் தூங்கவில்லை. இந்தப் பிள்ளைகளின் வளர்ச்சியில் மற்றப் பிள்ளைகளைவிடக் குறை எதுவும் காணப்படவில்லை.

பால் வகைக்கும் விழிப்புக்கும் உள்ள தொடர்பை பிரிட்டனின் ஆய்வாளர்கள் நேரடியாகவே கேட்டுப் பார்த்தார்கள். 6 முதல் 12 மாதக் குழந்தைகளின் தாய்மார்கள் 715 பேரிடம் கேட்டு 2015-இல் வெளியிட்ட முடிவு இது: ஏறக்குறைய 78 விழுக்காட்டுக் குழந்தைகள் இரவில் ஒரு முறையாவது வழக்கமாக எழுகின்றன, 61 விழுக்காட்டுக் குழந்தைகள் எழுந்து பாலும் குடிக்கின்றன. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் மாவுப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் இதில் வேறுபாடு இல்லை. பகலில் அதிகமாகப் பாலும் உணவும் உண்ட பிள்ளைகள் இரவில் குறைவாகவே குடித்தன. ஆனால், எழுவது மட்டும் குறையவில்லை.

இந்தக் கடைசி வரியை ஒவ்வொரு பாட்டியும் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். வயிறு நிறைந்தால் பசி தீரும். ஆனால் பிள்ளை இரவில் எழுவதற்குப் பசி மட்டுமே காரணம் அன்று.

பின் ஏன் எழுகிறது?

பிள்ளைத்தமிழ் பாடிய நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தார்கள். செங்கீரையில் தலையை நிமிர்த்தி ஆடும், சப்பாணியில் கைகொட்டும், வருகைப் பருவத்தில் தளர்நடை போட்டு வரும். இந்தப் புதிய வித்தைகளைக் கற்கும் காலங்களில்தான் பிள்ளையின் தூக்கம் கலைகிறது. பகலில் எழுந்து நிற்கப் பழகிய பிள்ளை இரவு இரண்டு மணிக்கும் தொட்டில் கம்பியைப் பிடித்துக் கொண்டு நிற்கும். உட்காரத் தெரியாமல் அழும். இதற்கு டின் பால் என்ன செய்யும்?

எட்டு ஒன்பது மாதத்தில் இன்னொரு மாற்றமும் வருகிறது. அம்மா கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்பது பிள்ளைக்குப் புரியத் தொடங்குகிறது. இருக்கிறாள் என்று தெரிவதால்தான், இங்கே இல்லையே என்ற கலக்கமும் வருகிறது. குளியலறைக்குப் போனாலும் வாசலில் வந்து அழும் பருவம் இதுவே. இரவில் விழித்து, பக்கத்தில் தடவிப் பார்த்து, அம்மா இல்லையென்றால் ஊரைக் கூட்டும். மார்பில் சேர்த்ததும் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிடும் பிள்ளைக்குத் தேவைப்பட்டது பாலைவிட அந்த நெஞ்சுச் சூடுதான். அதைக் கெட்ட பழக்கம் என்று ஒதுக்குவதற்கில்லை.

பல் முளைத்தல், மூக்கடைப்பு, தடுப்பூசி போட்ட நாள், பயணம், வீட்டில் விருந்தினர் கூட்டம் ஆகியவையும் காரணங்களே. இவை தாமாக வந்து தாமாகப் போகும்.

இன்னொரு காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பகலில் பிள்ளை சரியாகக் குடிப்பதில்லை. இந்த வயதில் அதற்கு உலகமே வேடிக்கை. மார்பில் வாய் வைத்து இரண்டு நிமிடம் ஆகுமுன் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுத் திரும்பும். அண்ணன் ஓடினால் தானும் இறங்கப் பார்க்கும். பகலில் விட்டதை இரவின் அமைதியில் பிடித்துக் கொள்ளும். தாய் வேலைக்குப் போகிறவராக இருந்தால் இது இன்னும் கூடும்.

தோட்டத்துத் தாயும் தொழிற்சாலைத் தாயும்

வேலைக்குப் போகும் தாய் என்றதும் இன்றைய கதை என்று நினைத்து விடுகிறோம். நம் பாட்டிமார் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால்மரம் வெட்டப் போனார்கள். மரத்துப் பாலைச் சேகரிக்கும் நேரத்தில் தம் மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்ததை அந்தத் தலைமுறைப் பெண்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பகலில் தூளியில் கிடந்த பிள்ளை இரவில் தாயோடு படுத்து, வேண்டிய அளவு குடித்தது. "ராத்திரி எத்தனை தடவை எழுந்தான்" என்று மணி பார்த்து எண்ணும் வழக்கம் லயத்து வீடுகளில் இல்லை.

இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் தாயின் நிலையும் ஏறத்தாழ அதுவே. வேலைச் சட்டத்தின்படி தனியார் துறையில் மகப்பேற்று விடுப்பு 60 நாளாக இருந்து, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அண்டை நாடான சிங்கப்பூரில், தகுதி பெறும் தாய்மார்களுக்கு 2008 முதல் 16 வாரம். எப்படிக் கணக்கிட்டாலும், நாலு மாதம் ஆவதற்குள் பெரும்பாலான தாய்மார்கள் வேலைக்குத் திரும்பி விடுகிறார்கள். பகலெல்லாம் பிரிந்திருந்த பிள்ளை, அம்மா கிடைத்ததும் இரவில் பலமுறை குடிக்கிறது. இதைப் பிள்ளையின் பிடிவாதம் என்று சொல்வதைவிட அதன் கெட்டிக்காரத்தனம் என்றே சொல்லலாம். பால் சுரக்கத் தூண்டும் இயக்குநீர் இரவில் கூடுதலாக இருப்பதால், இரவு குடிப்பது வேலைக்குப் போகும் தாயின் பால் வற்றாமல் காக்கவும் செய்கிறது.

அத்தகைய தாய் வேலையிடத்தில் ஒருமுறையோ இருமுறையோ பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்தால், மறுநாள் பிள்ளைக்குப் பகலில் தாய்ப்பாலே கிடைக்கும். இரவின் பளுவும் ஓரளவு குறையும். எடுத்த பாலை நம் நாட்டு வெப்பத்தில் நெடுநேரம் வெளியே வைக்கக் கூடாது. 25 பாகை செல்சியஸுக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாளும் வைக்கலாம். பனிக்கட்டிப் பகுதியில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. பனிக்கட்டியோடு கூடிய சிறு பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வரலாம். வேலை முடிந்து வந்ததும் சமையலறைக்குள் நுழையுமுன் பிள்ளையை எடுத்து அமைதியான அறையில் நிதானமாகப் பால் கொடுப்பது இன்னும் நல்லது. அந்த அரை மணி நேரம் சோற்றை வடிக்க வேறொருவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டின் பால் வந்த கதை

"டின் பால் கொடு" என்ற அறிவுரை நம் வழக்கத்தில் இருந்ததன்று. அது இந்த மண்ணுக்குப் பிறரால் கொண்டுவரப்பட்டது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவப் பெண்மணி 1930-களில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பணியாற்றினார். ஏழைத் தாய்மார்கள் விளம்பரத்தை நம்பித் தம் பாலை நிறுத்திவிட்டு, இனிப்பூட்டிய கட்டிப் பாலைக் கலக்கிக் கொடுப்பதையும், அந்தக் குழந்தைகள் மெலிந்து மடிவதையும் அவர் நேரில் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு "பாலும் கொலையும்" என்பதாகும். தவறான பால் பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று வந்திருந்த பிரமுகர்கள் முன் அவர் கூறினார்.

ஜப்பானியர் ஆட்சியில் அவர் சாங்கியில் சிறை வைக்கப்பட்டார். அந்த முகாமில் பிறந்த குழந்தைகள் 20. தாய்ப்பால் குடித்தவை 20. உயிர் பிழைத்தவையும் 20. முகாமில் அரைவயிற்றுக் கஞ்சி குடித்த தாய்மார்களின் பாலில் சத்து இருந்தது என்றால், இன்று மூன்று வேளை உண்ணும் நம் மகளின் பாலில் சத்து இல்லை என்று எப்படிச் சொல்வது?

இன்றைய குழந்தை மாவுப்பால் அந்தக் காலத்துக் கட்டிப் பால் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவக் காரணத்தாலோ வேறு வழியின்றியோ அதைக் கொடுக்கும் தாய் குற்றம் செய்தவர் ஆகமாட்டார். ஆனால் தூக்க மருந்தாக அதை நினைத்து, தாய்ப்பாலை விட்டுவிட்டு வாங்குவதில் பயனில்லை. டின்னின் விலையும் மாத வருமானத்தில் சிறிய பங்கன்று. 1981-இல் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1992 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரம் தாய்ப்பால் வாரமாக உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. அதைத் தொடங்கிய உலகக் கூட்டமைப்பின் செயலகம் நம் பினாங்கிலேயே அமைந்தது என்பதை அன்பர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

பகலில் செய்யக்கூடியவை

இரவின் பாலைக் குறைக்க விரும்பும் தாய் பகலிலிருந்தே தொடங்க வேண்டும். தொலைக்காட்சி இல்லாத, சற்று இருளான அறையில், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் கொடுக்கலாம். 6 மாதம் முடிந்ததும் 2 அல்லது 3 வேளை திட உணவு. 9 மாதம் முதல் 3 அல்லது 4 வேளை.

உணவில் இரும்புச் சத்து இருக்க வேண்டும் என்பதை நம் வீடுகளில் அடிக்கடி மறந்து விடுகிறோம். பிறக்கும்போது பிள்ளை கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு 6 மாதத்தோடு குறைந்துவிடும். தாய்ப்பாலில் அது அதிகம் இல்லை. இரும்புக் குறைவு பிள்ளையின் தூக்கத்தையும் அமைதியற்றதாக்கக் கூடும். வெறும் கஞ்சியும் இரசச் சோறும் போதா. குழைய வேகவைத்த பருப்பு, முட்டை, கீரை, அசைவம் உண்பவர்கள் வீட்டில் மீனும் கோழியும் ஆட்டு ஈரலும் சிறிதளவு சேர்க்க வேண்டும். சைவ வீட்டுப் பிள்ளைக்குப் பருப்போடு சிறிது தக்காளியோ, உணவுக்குப் பின் பப்பாளியோ கொடுத்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தேநீர் இரும்பைத் தடுக்கும். ஒரு வயது நிறையும் வரை தேனும் கூடாது. நாவில் தொட்டு வைக்கும் ஒரு துளித் தேனிலும் கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கும் நுண்ணுயிர் இருக்கலாம். சடங்குக்காகவும் வேண்டாம்.

தூங்கட்டும் என்று புட்டிப் பாலில் அரிசி மாவைக் கலப்பதும், சளி மருந்தை ஒரு மூடி கொடுப்பதும் சில வீடுகளில் நடக்கின்றன. முன்னது புரையேற வைக்கும். பின்னது மூச்சையே பாதிக்கக்கூடும். மருத்துவர் சொல்லாமல் எந்தத் தூக்க மருந்தும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

இரவைச் சமாளிக்கும் வழிகள்

பிள்ளையின் தூக்கத்தை உடனே மாற்ற இயலாது; தாயின் தூக்கத்தைக் காக்க இயலும். வீட்டார் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது.

பிள்ளையின் படுக்கை தாயின் அறையிலேயே, கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். எழுந்து விளக்கைப் போட்டு, பேசி, கொஞ்சி, அரைக்கச்சை மாற்றி, எல்லாரையும் எழுப்பினால் பிள்ளை பகல் என்றே நினைத்துக் கொள்ளும். மங்கலான விளக்கு, சிறு குரல், பால், மீண்டும் படுக்கை என்று முடித்துவிட வேண்டும். இரவில் சுரக்கும் தாய்ப்பாலிலேயே தூக்கத்தைத் தூண்டும் இயக்குநீர் கலந்திருக்கிறது. அதன் வேலையைப் பிரகாசமான விளக்கால் நாம் கெடுக்க வேண்டியதில்லை.

ஒருக்களித்துப் படுத்தபடி பால் கொடுக்கக் கற்றுக்கொண்டால் தாயின் முதுகுக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ பிள்ளையை அணைத்தபடி கண்ணயர்வது மிகவும் ஆபத்து. மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். பிள்ளையின் முகத்தருகே தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே சந்து இருக்கக் கூடாது. புகைபிடிப்பவரோ, மது அருந்தியவரோ, தூக்கம் தரும் மருந்து உண்டவரோ படுத்திருக்கும் படுக்கையில் பிள்ளையை ஒருபோதும் போடக் கூடாது. குடித்து முடித்த பிள்ளையை அதன் சொந்தப் படுக்கையில், தட்டையான இடத்தில், மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பானது.

நம் வீடுகளில் ஸ்பிரிங் தொட்டில் இல்லாத வீடு குறைவு. சாரோங்கில் போட்டு ஆட்டினால் அழுகை அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டத்தில் தூங்கிப் பழகிய பிள்ளை, ஆட்டம் நின்றதும் விழிக்கும். அப்புறம் இரவு மூன்று மணிக்கும் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். துணிக்குள் பிள்ளையின் கழுத்து மடங்கி மூச்சு தடைபடவும் இடமுண்டு. வேகமாகக் குலுக்குவது அறவே கூடாது. நிற்கவும் தவழவும் தெரிந்த பிள்ளை கவிழ்ந்து விழும். ஆகவே தொட்டிலை விட்டு மெத்தைக்கு மாற்றும் காலம் இது என்பது நமது கருத்து. பாட்டிமார் கோபித்துக் கொள்ளக் கூடாது.

தந்தையின் பங்கு என்ன? பால் அவரிடம் இல்லை, தோள் இருக்கிறது. பிள்ளை குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டுத் தட்டிப் படுக்க வைப்பதும், விடியற்காலை ஐந்து மணிக்கு விளையாட எழுந்துவிடும் பிள்ளையை வெளியே தூக்கிப் போய்த் தாயை ஏழு மணி வரை தூங்க விடுவதும் அவரால் முடியும். பகலில் பாட்டி ஒரு மணி நேரம் பிள்ளையை வைத்துக்கொண்டு, "நீ போய்ப் படு, பாத்திரம் கிடக்கட்டும்" என்று சொன்னால், அது எந்த லேகியத்துக்கும் மேலான மருந்து.

பல் முளைத்த பிள்ளைக்கு, இரவு படுக்குமுன் அரிசி மணி அளவு பற்பசையால் பல் துலக்குவது அவசியம். ஒரு வயதுக்குப் பின் இரவெல்லாம் குடிக்கும் பிள்ளைகளுக்குப் பல் சொத்தை வரும் வாய்ப்பு உண்டு. புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைக்கு அந்த ஆபத்து அதிகம்.

இனி முடியாது என்று தோன்றினால்

சில தாய்மார்களுக்கு உண்மையிலேயே முடியாமல் போகும். அது தோல்வியன்று. பிள்ளை ஒரு வயதை நெருங்கி, பகலில் நன்றாக உண்டு, எடையும் ஏறி வந்தால், பகல் பாலைத் தொடர்ந்தபடியே இரவுப் பாலை மட்டும் குறைக்கலாம். ஒரே நாளில் நிறுத்துவதும், மார்பில் கசப்பைத் தடவுவதும், தாயை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதும் வேண்டாம். பிள்ளைக்கு அது திகைப்பு, தாய்க்கோ பால் கட்டிக் காய்ச்சலே வரும். இரவில் ஒரு வேளைப் பாலைத் தேர்ந்தெடுத்து, சில நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் குறைத்துக் கொண்டே வர வேண்டும். அது நின்றபின் அடுத்த வேளை. அந்த நேரத்தில் அப்பா எடுத்துத் தட்டிக் கொடுத்தால் பிள்ளை விரைவில் புரிந்துகொள்ளும். அம்மாவிடம் பால் மணம் இருக்கும்போது அது கேட்காமல் இராது. முதல் மூன்று நான்கு இரவுகள் கடினமாக இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சலோ பல்வலியோ இருக்கும் வாரத்தில் தொடங்கக் கூடாது.

கிளினிக்குக் காட்ட வேண்டிய நிலைகளும் உண்டு. எடை ஏறாமல் இருத்தல், தூக்கத்தில் உரத்த குறட்டையோ மூச்சுத் திணறலோ, காதைப் பிடித்து இழுத்து அழுதல், குடிக்கும்போது முதுகை வளைத்து வீறிடுதல், நாள்முழுதும் வழக்கத்துக்கு மாறான அழுகை இவற்றில் ஏதேனும் இருந்தால், பால் மேல் பழி போட்டுவிட்டு வீட்டிலிருக்கக் கூடாது. அவ்வாறே, பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராமல், காரணமின்றிக் கண்ணீர் பெருகி, எதிலும் மனம் ஒட்டாமல் போனால், அது சோம்பலோ திருஷ்டியோ அன்று. மகப்பேற்றுக்குப் பின் ஓராண்டு வரையிலும் வரக்கூடிய மனச்சோர்வு நோய் அது, சிகிச்சை உண்டு. தாய்ப்பாலை நிறுத்தாமலே எடுத்துக் கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. அர்ச்சனை செய்யுங்கள், மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள்.

ஆலயத்துக்கு ஒரு விண்ணப்பம்

தைப்பூசத்தன்றும் திருவிழா நாட்களிலும் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களைப் பார்க்கிறோம். கூட்டத்திலும் மேளச் சத்தத்திலும் வளர்ந்த பிள்ளை மார்பில் வாய் வைக்காது. தாய்க்கும் ஒதுங்க இடமில்லை. காலை முதல் மாலை வரை பால் தப்பிவிட, அன்றிரவு முழுவதும் பிள்ளை தூங்க விடாது. சாமி கும்பிட்டு வந்த இரவில் இப்படியா என்று வீட்டில் ஒரு பேச்சும் கிளம்பும்.

அறப்பணிக்கு நன்கொடை வழங்க எண்ணும் அன்பர்கள், மண்டபத்தின் ஓரத்தில் தாய்மார்களுக்கென ஒரு சிற்றறையை மனத்தில் கொள்ளலாம். செலவு அதிகம் இல்லை. கைவைத்த நாற்காலி இரண்டு, ஒரு மின்விசிறி, கை கழுவும் குழாய், அரைக்கச்சை மாற்ற ஒரு மேசை, மேளச் சத்தம் சற்றே அடங்கும் கனமான கதவு. தாழ்ப்பாள் உட்பக்கம் இருக்க வேண்டும். அறை எங்கே இருக்கிறது என்ற அறிவிப்பைக் காலணி வைக்கும் இடத்திலேயே மாட்டிவிட்டால், வரும் தாய் எவரையும் கேட்க வேண்டியிராது.